சாரலில் காய்ந்த துண்டு

1947 ஜூலை 21, திங்கட்கிழமை. குற்றாலத்தில் மூன்றாவது நாளாகச் சாரல் விடவில்லை.

காலை பத்து மணிக்குப் பலவேசத்தின் குதிரை வண்டி தென்காசியில், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் நயினார் வீட்டு வாசலில் நின்றது. கருமலைக்கோடு என்ற சின்னஞ்சிறு சமஸ்தானத்தின் திவான் மந்திரமூர்த்தி அதிலிருந்து குதித்தார். துப்பு விஷயம் என்றதும் பலவேசம் குதிரையை மறந்து பின்னாலேயே நுழைந்தான்.

"அண்ணாச்சி, குற்றாலம் பங்களாவுல ராஜா முத்திரை வச்ச ஒப்பந்தத்தக் காணும்!" என்றார் திவான். "வெள்ளைக்காரன் போகப்போறான். எங்க கணவாயில காவல் போட, கிழக்கேயும் மேற்கேயும் இருக்க ரெண்டு பெரிய சமஸ்தானமும் முந்துது. பாதை ரெண்டு பேருக்கும் திறந்திருக்கும், காவல் எங்களோடதுன்னு இன்னைக்கு நாலு மணிக்குக் கையெழுத்தாகணும். இல்லேன்னா நாளைக்கு ரெண்டு படையும் மலையேறிரும். நடுவுல நாங்க சட்னிதான்!"

"பங்களாவுல யாரு யாரு?"

"நானும் அந்த ரெண்டு சமஸ்தானத்துத் தூதர்களும்தான். எட்டு மணிக்குத் தனித்தனியா அருவிக்குப் போனோம். ஒன்பதுக்கு நான் திரும்பினா ஒப்பந்தம் வச்சிருந்த பெட்டி காலி."

குற்றாலம் பங்களாவில் மேற்குத் தூதர் செல்லச்சாமி வடை தின்றுகொண்டிருந்தார். கிழக்குத் தூதர் ஞானசம்பந்தம், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கி, தோட்டத்தில் நனைந்தபடி உலாத்தினார். நயினார் வராந்தாக் கொடியில் கிடந்த அவர்கள் துண்டுகளைத் தொட்டுப் பார்த்தார். ஒன்று சொட்டியது; மற்றது காய்ந்து கிடந்தது.

"எண்ணெய் தேய்ச்சு நல்லாக் குளிச்சேன்," என்றார் ஞானசம்பந்தம். "என் துண்டு அப்பவே காஞ்சிருச்சு."

பலவேசம் கிசுகிசுத்தான்: "மேற்குத் தூதர்தான் அண்ணாச்சி! அது ஆறாவது வடை. திருடினவனுக்குத்தான் இப்படிப் பசிக்கும்."

"அருவில குளிச்சாலும் பசிக்கும்லே," என்ற நயினார், எல்லாரையும் கூடத்துக்கு அழைத்து, ஞானசம்பந்தத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க கிழக்குச் சீமையில வெயிலு. துண்டு அரைமணியில காயும். இங்கன மூணு நாளா என் வேட்டியே காயல. உங்க துண்டு அருவிப் பக்கமே போகல. சரி, குடைய வச்சிக்கிட்டு ஏன் நனையுதிய?"

பலவேசம் குடையைப் பிடுங்கி விரித்தான். முத்திரை கலையாத ஒப்பந்தம் தொப்பென்று விழுந்தது. செல்லச்சாமிக்குச் சிரிப்பில் வடை புரையேறியது.

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டா, குடைக்கதை இந்தக் கூடத்தோட போச்சு," என்றார் நயினார். "இல்லேன்னா இவன் வண்டியில ஏறுதவங்க எல்லாத்துக்கும் சொல்லுவான்."

"சொல்லாம இருக்கவா?" என்று ஏங்கினான் பலவேசம்.

ஞானசம்பந்தம் முகத்தைத் துடைக்கக் கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்தார். அன்று முதன்முறையாக அது நனைந்தது.

மாலை நான்கு மணிக்கு இரு தூதர்களும் கையெழுத்திட்டார்கள். மறுநாள் கணவாயில் கருமலைக்கோட்டின் காவலர்கள் ஆறு பேர் நின்றார்கள்.