புளியமரத்தடியில் ஒன்பது பேர்

ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எண்ணியபோது ஒன்பது பேர் இருந்தார்கள். கேட்டைத் தாண்டி எண்ணியபோது பத்து.

ஞானப்பிரகாசம் வாத்தியார் நின்றுவிட்டார். அரியலூரில் இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறவர் அவர். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் வைத்து, ஒரு தலைக்கு ஒரு கணுவாக நகர்த்தி, மறுபடியும் எண்ணினார். நூலகர் ராசாங்கம், பேங்க் குமாஸ்தாக்கள் இரண்டு பேர், தபால் ஆபீஸ்காரர், அவர் மனைவி, ஒரு மளிகைக்கடைக்காரர், மகள் மரிய புஷ்பம், வழிகாட்ட வந்திருந்த செல்லக்கண்ணு, கடைசியாகத் தான். ஒன்பது. ஆட்கள் நகர்ந்துகொண்டிருந்தால் ஒரு தலையை இரண்டு தடவை எண்ணிவிடுவது சகஜம். அதனால்தான் எண்ணும்போது எல்லோரையும் நிற்கச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். காரணம் கிடைத்துவிட்டது. நடந்தார்.

1982, பங்குனி மாதம். வாசகர் வட்டம் நடத்துகிற 'ஊர் நடை'க்கு அது ஆறாவது ஞாயிறு. மாலை நாலு மணிக்குக் கிளம்பி ஊரின் ஒரு பக்கத்தை நடந்தே பார்ப்பார்கள். முன்னே என்ன இருந்தது, இப்போது என்ன வந்திருக்கிறது, ஏன் என்று வாத்தியார் விளக்குவார். இந்தத் தடவை சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய மேட்டுத் தெரு. தை மாதமே காலி செய்துவிட்டார்கள். நாளைக்கு இயந்திரம் வந்து இடிக்கப்போகிறது. இன்று பார்த்தால்தான் உண்டு.

வழியில் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து, அதில் பதிந்திருந்த கிளிஞ்சலைக் காட்டினார்.

"இந்த ஊரு ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துச்சு. கிளிஞ்சலும் நத்தையும் செத்துச் செத்து அடியில படிஞ்சு, இறுகிக் கல்லாயிடுச்சு. அதத்தான் வெட்டி, அரைச்சு, சூளையில வேக வச்சு சிமெண்டுன்னு மூட்டை கட்றாங்க."

"அப்ப நாங்க பூசுன செவுரெல்லாம் நத்தை ஓடா சார்?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"அப்பாகிட்ட கேள்வி கேக்காதீங்கண்ணே," என்றாள் புஷ்பம். "பீரியட் முடிஞ்சு மணி அடிச்சாலும் விட மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஊதாத் தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். மனைவி போன பிறகு வாத்தியாருக்கு வீட்டில் மிச்சமிருந்த ஒரே குரல் அவளுடையது.

மேட்டுத் தெரு ஒரு பக்கம் மட்டுமே வீடுகள் உள்ள தெரு. ஓடுகளையும் கதவுகளையும் உத்தரங்களையும் குடியிருந்தவர்களே கழற்றிக்கொண்டு போயிருந்ததால், சுவர்கள் மட்டும் வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றன. உள்ளே பழைய அடுப்புப் புகையின் வாடையும், எலிப்புழுக்கையின் வாடையும், எல்லாவற்றுக்கும் மேலே நாக்கில் வந்து ஒட்டுகிற சுண்ணாம்புத் தூசியின் காரமும் இருந்தன. தெருக்கோடி வீட்டில் மட்டும் ஓடு அப்படியே இருந்தது. அதன் பின்சுவரிலிருந்து இருநூறு கெஜத்தில் சுரங்கத்தின் விளிம்பு. காக்கைகூட இல்லை.

தெருமுனை வேப்பமரத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கியது. செல்லக்கண்ணு அதை உள்ளங்கையால் தடவினார். ஐம்பத்தைந்து வயது மனிதர். சுரங்கத்தில் வெடி வைக்கும்போது இந்தத் தெருவைக் காலி பண்ணுகிற மணிக்காரராகப் பதினோரு வருஷம் இருந்தவர்.

"எப்படி வேலை செய்யும்னு சொல்லுங்கண்ணே," என்றார் வாத்தியார்.

"சுரங்கத்துல சங்கு மூணு தடவ ஊதும் சார். மொதச் சங்குக்கு இத அடிப்பேன். வூடு வூடா நின்னு, பேரச் சொல்லி, எத்தன பேருன்னு கேப்பேன். உள்ளேருந்து எண்ணிக்கையச் சொல்லிட்டு வெளிய வருவாங்க. ரெண்டாஞ் சங்குக்குள்ள எல்லாரும் அந்தப் புளியமரத்தடிக்கு வந்துடணும். வூட்டுல சொன்ன கணக்கும் மரத்தடியில தலைக்கணக்கும் ஒத்து வந்தா வெள்ளக் கொடியத் தூக்குவேன். அதப் பாத்துட்டுத்தான் மூணாஞ் சங்கு. அப்பறம் வெடி."

"எங்க லைப்ரரியில புத்தகக் கணக்கே ஒரு வருசமும் ஒத்து வந்ததில்ல," என்றார் ராசாங்கம். "நீங்க மனுசாள எண்ணியிருக்கீங்க."

செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. "ஒரே ஒரு நாள் ஒத்து வந்தும் தப்பாப் போச்சு சார்," என்றார்.

அவர் சொன்னார். இந்தத் தெருவில் ஒரு வழக்கம். வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடிகிற வரைக்கும் செத்தவரையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை சொல்வார்கள். உடனே குறைத்துச் சொன்னால் ஆளை விரட்டுவதுபோல ஆகும். மணிக்காரருக்கு அது தெரியும். துக்க வீட்டில் என்ன சொன்னாலும் அவராகவே ஒன்றைக் கழித்துக்கொள்வார். போன ஐப்பசியில் தெருக்கோடி வீட்டில் புருஷன் செத்து ஒன்பதாம் நாள். மீதி இருந்தவர்கள் மூன்று பேர்: தாய் வீரம்மாள், பெரிய மகள் பஞ்சவர்ணம், ஆறு வயசுச் சின்ன மகள் வேம்பு. வழக்கப்படி நாலு என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு பஞ்சவர்ணம் வாசல்ல நின்னு மூணுன்னுச்சு. நான் ஒண்ணக் கழிச்சு ரெண்டுன்னு வச்சுக்கிட்டேன். மரத்தடியில அவளும் ஆத்தாளும் நின்னாங்க. ரெண்டு தல. கொடியத் தூக்கிட்டேன். சின்னக் குட்டி முன்னாடியே மத்தப் புள்ளைங்களோட மரத்தடிக்கு ஓடிடுச்சுன்னு ரெண்டு பேரும் நெனச்சிருக்காங்க. அது காய்ச்சலோட நெல்லுக் குதிருக்குப் பின்னாடி தூங்கிக்கிட்டு இருந்துருக்கு. கல்லு பறந்து வந்து ஓட்டப் பொத்துக்கிட்டு..." துண்டால் வாயைத் துடைத்தார். "ஓட்ட மாத்தி அடைச்சாங்க. அப்பறம் அந்த வூட்டுல ஒரு ஓட்டயும் யாரும் தொடல. அந்தப் பொண்ணு ஏன் மூணுன்னு சொன்னா? அதத்தான் சார் தெனமும் நெனைக்கிறேன்."

வாத்தியார் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

இந்தத் தெருவில் அவர் முதியோர் கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். அப்பா செத்து எட்டாம் நாள் சாயங்காலம், "சார், எங்கூட்டுல எத்தன பேருன்னு எழுதணும், மூணா நாலா?" என்று கேட்டாள். அவர் பொறுமையாக, சந்தோஷமாக, விரல் கணுவை வைத்து விளக்கினார். இருக்கிறவர்களை மட்டும்தான் எண்ண வேண்டும். யார் கேட்டாலும் மூணுன்னு சொல்லு. சின்னவளும் கட்டைவிரலை நகர்த்தி எண்ணிப் பார்த்து, சரியா என்று நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் வெடி.

இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

வாயில் ஊறிய சுண்ணாம்புக் காரத்தை விழுங்கிவிட்டு, பேச்சை மாற்ற, அவர் எப்போதும் செய்வதையே செய்தார். விளக்கத் தொடங்கினார்.

"நடந்து காட்டினாத்தான் புரியும். ஆளுக்கு ஒரு வீட்டுல போய் நில்லுங்க. அண்ணன் வந்து கூப்பிடுவாரு. ஒண்ணுன்னு சொல்லிட்டு வெளிய வாங்க."

"வெறும் வூட்டக் கூப்புடறது வேணாமே சார்," என்றார் செல்லக்கண்ணு.

"வெறும் வீடு இல்லையே, ஆள் நிக்குதுல்ல? இன்னிக்கு ஞாயித்துக்கெழம. வெடியும் கிடையாது."

ஏழு பேரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். புஷ்பம்தான் கடைசி. மிச்சமிருந்தது தெருக்கோடி வீடு. "அங்க வேண்டாம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். ஊதாத் தாவணி வாசலின் இருட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்டவாளம் ஒலித்தது. அந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதி, சுரங்கத்துக்குள் இறங்கி, அடியில் எதையோ தொட்டுவிட்டுத் திரும்பி வந்ததுபோல இரண்டாவது தடவை கனமாகக் கேட்டது. செல்லக்கண்ணு முன்னே நடந்தார். அவர் நடை மாறியிருந்தது. முதுகு நிமிர்ந்து, கால்கள் பழைய வேகத்தில் போயின. ஒவ்வொரு வாசலிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே இருந்து "ஒண்ணு" என்றார் ராசாங்கம், நாடகக் குரலில். "ஒண்ணு" என்றார் தபால் ஆபீஸ்காரர் மனைவி, வெட்கப்பட்டு. ஆறு வீடுகள். ஆறு பேர் வெளியே வந்து மரத்தை நோக்கி நடந்தார்கள்.

கோடி வீடு. செல்லக்கண்ணு வாயைத் திறந்தார். கூப்பிடவில்லை இன்னும்.

"ஒண்ணு."

மெல்லிய குரல். தரையை ஒட்டிய இடத்திலிருந்து வந்தது.

"பாப்பாவுக்கு அவசரம்," என்றார் செல்லக்கண்ணு. திரும்பி நடந்தார்.

அப்போதுதான் காற்று எழுந்தது. சுரங்கத்தின் விளிம்பிலிருந்து சுழன்று வந்து, தெரு முழுவதையும் மாவைக் கொட்டியதுபோல வெள்ளையாக மூடியது. எல்லோரும் துண்டையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாத்தியார் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோடி வீட்டு வாசலில் இருந்து ஓர் உருவம் வெளியே வந்தது. தலையில் துணி. வருகிறாள். போதும். ஓடினார்.

மரத்தடியில் எல்லோரும் ஒரே நிறம். புருவம், உதடு, உடை, எல்லாம் வெள்ளை. இருமினார்கள். கண்ணைக் கசக்கினார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை.

சங்கு ஊதியது.

நீளமாக. அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமல்ல?" என்றார் ராசாங்கம்.

செல்லக்கண்ணு எண்ண ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு தலைக்கு நேராகவும் விரலை நீட்டி, உதட்டை அசைத்து, கடைசியில் தன் மார்பைத் தொட்டார். "வூட்டுல ஏழு. நாம ரெண்டு. ஒம்போது. மரத்தடியில ஒம்போது. ஒத்து வந்துடுச்சு சார்."

வாத்தியாரும் எண்ணினார். ஒன்பது. இரண்டு தடவை. ஒன்பது.

நிம்மதியாக இருந்தது. ஒரு மூச்சு நேரம்.

ஊதா எங்கே?

வெள்ளைத் தூசிக்கு அடியில் எங்காவது ஊதா தெரிய வேண்டும். ராசாங்கத்தின் துண்டை விலக்கினார். பேங்க்காரர். இன்னொரு பேங்க்காரர். மளிகைக்கடைக்காரர். தபால் ஆபீஸ்காரரும் மனைவியும். வரிசையின் கடைசியில் ஒன்று. இடுப்பு உயரம்.

தெருக்கோடியில் இருந்து குரல் வந்தது. தெளிவாக. கொஞ்சம் அலுப்போடு.

"அப்பா! என்னை இன்னும் கூப்பிடவே இல்லையே?"

"அண்ணே, கொடியத் தூக்காதீங்க!" என்று வாத்தியார் கத்தினார். "தப்பு! செத்தவங்களயும் சேத்து எண்ணிட்டீங்க! எம் பொண்ணு உள்ள இருக்கா!"

செல்லக்கண்ணு திரும்பவில்லை. வெள்ளைத் துண்டை மூங்கில் கழியில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் சுரங்கத்தின் பக்கம் இருந்தது. முகத்தில் பதினோரு வருஷப் பழக்கம் மட்டும் இருந்தது.

"கணக்கு சரியா இருக்கு சார்."

"மூணுன்னு சொல்லச் சொன்னது நாந்தான்! பஞ்சவர்ணத்துக்கு நாந்தான் சொல்லிக்கொடுத்தேன்! கேளுங்கண்ணே!"

மறுபடியும் சங்கு எழுந்து அந்த வார்த்தைகளை மூடியது. அவருக்கே அவை கேட்கவில்லை. ஓடப் பார்த்தார். சட்டையின் ஓரத்தை யாரோ பிடித்திருந்தார்கள். பிடி லேசானது. காய்ச்சல் சூடு. அசைய முடியவில்லை.

கொடி மேலே போனது. மூன்றாம் சங்கு ஊதியது.

கோடி வீட்டுக் கூரையில் ஓர் ஓடு நழுவியது. இன்னொன்று. வாசலில் ஊதா தெரிந்தது. புஷ்பம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, எல்லோரும் எங்கே என்று தேடினாள்.

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளை முகம். இமைகூட வெள்ளை. ஒரு கை அவர் சட்டையில். இன்னொரு கையின் கட்டைவிரல் கணுவுக்குக் கணு நகர்ந்து, ஒன்பதாவது கணுவில் நின்றது. சின்னவள் தலையை நிமிர்த்தி, சரியா என்று அவரைப் பார்த்தாள்.