பாட்டு முடிந்ததும் கழுவு!

"வீ...ல்!"

பக்கத்து அறையிலிருந்து வந்த அலறலில் இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார்.

பழக்க தோஷம்... கை இடுப்புத் துப்பாக்கியைத் தேடியது. அகப்பட்டது பூப்போட்ட டவல்!

கண்களின் மேல் ஈரப் பஞ்சு. முகமெல்லாம் ஆசிட். அப்போதுதான் மேடம் அதைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கத்தினது?"

"பிளேடு பொண்ணு குரல் மாதிரி இருக்கு சார்," என்றாள் மேடம், கடைசித் துளியையும் துடைத்தெடுத்தபடி.

பஞ்சை உதறிவிட்டு ஓடினார்.

டாக்டர் தன் மெஷின் மேல் கவிழ்ந்து கிடந்தார். கழுத்தில் வெட்டு. ஆள் காலி!

தரையில் முகம் மழிக்கும் குட்டி பிளேடு. பக்கத்தில், கை நிறைய ரத்தத்தோடு அந்த பிளேடுக்குச் சொந்தக்காரி.

"நான் வரும்போதே இப்படித்தான் சார் கிடந்தாரு... உயிர் இருக்கான்னு தூக்கிப் பார்த்தேன்..."

எல்லாக் கொலைகாரர்களும் தூக்கித்தான் பார்க்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

சரும கிளினிக்கில் ஓர் இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை?

அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். டிபார்ட்மெண்ட்டில் அவருக்கு 'உப்புத்தாள்' என்று பெயர். முகம் அப்படி. சொரசொரப்பில் தீக்குச்சியே உரசிவிடலாம். "இந்த மூஞ்சியோட போட்டோவுல என் பக்கத்துல நிக்காதீங்க," என்று மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

முதலில் ட்யூப் ஸ்க்ரப் வாங்கி, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போல் தேய்த்தார். சொரசொரப்பு போகவில்லை, சிவப்பு மட்டும் கூடியது.

பிறகுதான் இந்த கிளினிக். இங்கே மூன்று வைத்தியம், மூன்று பேர். போலீஸ் புத்தி சும்மா இருக்குமா? மூவரையும் தனித்தனியாக விசாரித்தார்.

டாக்டருடையது மெஷின். பொடிக் கற்களை முகத்தில் தூவி, செத்த தோலோடு உறிஞ்சி எடுத்துவிடும். வலிக்காது, ஆனால் பல தடவை வந்து போக வேண்டும் என்றார். பிளேடு பொண்ணு பூனை முடியோடு சேர்த்துச் செத்த தோலை மழித்து, அன்றைக்கே பளபளப்பாக்கி அனுப்புவாள். ஆனால் பரு இருக்கிற முகத்தில் கை வைக்க மாட்டாளாம்.

டாக்டரின் மனைவிதான் மேடம். அவளுடையது ஆசிட்.

"மெஷினும் பிளேடும் மேலாகத் துடைக்கும் சார். ஆசிட்தான் உள்ள போய் வேலை செய்யும். ஆனா கை தெரிஞ்சவங்க போடணும். நான் ஒரு பாட்டு வைப்பேன். பாட்டு முடிஞ்சதும் கழுவிடணும், விட்டா கருகிடும். என் கையில இதுவரைக்கும் ஒரு முகம்கூட கருகினதில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு ராணியின் கர்வம் இருந்தது. இன்ஸ்பெக்டர் அங்கேயே விழுந்தார்.

உதட்டில் பட்டால் எரியும், வாயைத் திறக்காதீர்கள் என்றாள். பாட்டை வைத்தாள். எரிச்சல் தெரியாமலிருக்கக் கையில் பிடித்த குட்டி ஃபேனால் விசிறினாள். அவருக்குப் பிடித்த பாட்டு. முடிந்தது... மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது! மேடத்துக்குத் தாராள மனசு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரசித்தார். அதுவும் முடிகிற சமயம் முகத்தில் ஈரம் பட்டது.

பிறகுதான் அந்த அலறல்.

கேஸ் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. கிளினிக்கில் எல்லோர் கையிலும் கையுறை, அதனால் ரேகை இல்லை. ஆனால் பிளேடு அந்தப் பெண்ணுடையது. மேடம் அறையை விட்டு நகரவே இல்லை, அவர் முகத்தில் அவள் விசிறிய காற்று ஒரு கணம்கூட நிற்கவில்லை. சாட்சி யார்? சாட்சாத் இன்ஸ்பெக்டர்!

பிளேடு பொண்ணு லாக்கப்பில் அழுதாள். "என் வாழ்க்கையே போச்சு சார்," என்றாள். அவர் பார்க்காத அழுகையா?

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியைப் பார்த்து அலறியது இன்ஸ்பெக்டர்.

முகம் கருகிப்போயிருந்தது. தீய்ந்த ரொட்டி கூடப் பரவாயில்லை!

"உப்புத்தாளே தேவலாம் போலிருக்கே," என்றாள் மனைவி. பாதி அழுகை, பாதி சிரிப்பு.

நேராக மேடத்திடம் போனார், சண்டை போடத்தான். அவள் வெயில்மேல் பழி போட்டாள். அவர் வெயிலில் தலைகாட்டவே இல்லை. சோப்பு மேல் போட்டாள். அவர் சோப்பே போடவில்லை.

வாய் சண்டை போட்டாலும் கண் வேலை பார்த்தது. நாற்காலிக்கு மேலே வளைந்த விளக்குக் கம்பி. அதில் கவ்விக்கொண்டிருந்தது அந்தக் குட்டி ஃபேன். தானாகவே சுற்றிக்கொண்டு!

அப்போ... விசிறிய கை?

லாக்கப்பில் அழுத முகம் கண்முன் வந்தது. தன் சாட்சியையே நம்பி ஒரு பெண்ணைக் கம்பிக்குப் பின்னால் தள்ளிவிட்டோமே என்று முதல் முறையாக வெட்கப்பட்டார்.

ஆனால் ஆதாரம்? ஃபேன் சாட்சி சொல்லுமா? கையில் இருந்தது கருகிய முகம் ஒன்றுதான். அதையே தூண்டிலில் மாட்டினார்.

"பாட்டு ரெண்டு தடவை ஓடுச்சு மேடம்."

"இல்லையே..."

"கருகியிருக்கே! ஒண்ணு, பாட்டு முடியும்போது நீங்க இந்த ரூம்ல இல்ல. இல்லன்னா, உங்களுக்குத் தொழில் தெரியல. எதுன்னு எழுதிக்கட்டும்?"

மேடத்தின் முகம் சிவந்தது, ஆசிட் எதுவும் படாமலே.

ஒரு வார்த்தை போதும். 'கை தவறிடுச்சு சார், மன்னிச்சிடுங்க' என்றால் கேஸ் புஸ்வாணம்! இன்ஸ்பெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"தொழில் தெரியலையா... எனக்கா?"

"அப்படித்தான் தெரியுது. உங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரோ?"

அது சரியான இடத்தில் பட்டுவிட்டது.

"சொன்னான்! ஆசிட் பழைய காலத்து வேலையாம், கை வேலையை எவன் நம்புவான்னான். என் ரூமை மூடிட்டு அதையும் பிளேடுக்காரிகிட்ட குடுக்கப் போறேன்னான். நான் இங்க இருந்திருந்தா உங்க மூஞ்சி கண்ணாடி மாதிரி இருந்திருக்கும் சார்! அவன் கழுத்துல அந்தப் பிளேடை வெச்சிட்டு நான் திரும்பி வர்றதுக்குள்ள பாட்டு தாண்டிடுச்சு, அவ்வளவுதான். என் தொழில்ல குத்தம் சொல்லாதீங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

ரத்தக் கையுறை மேடம் அறைக் கழிவு வாளியின் அடியிலிருந்து கிடைத்தது. பிளேடு பொண்ணு அன்றே வெளியே வந்தாள். இன்ஸ்பெக்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவளும் பெருந்தன்மையாக, கருகினதை மழித்துத் தரட்டுமா என்று கேட்டாள். அவர் ஜீப் ஏறித் தப்பித்தார்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள்.

"கல்யாண போட்டோவுக்கு என்னங்க பண்றது?"

"எனக்காக ஒண்ணும் செலவு பண்ணாதே. இந்த மூஞ்சிதான் கேஸுல முதல் ஆதாரம்னு எங்க போலீஸ் போட்டோகிராஃபர் முன்னாடி, சைடுன்னு எல்லாப் பக்கமும் எடுத்துட்டான். ஆல்பத்துக்கு ரெண்டு காப்பி கேட்டிருக்கேன்!"