பிஸ்கட்டுக்குப் பிடிக்காத சிவப்பு டிரக்

பந்தயம் மதியம்தான். ஆனால் காலையிலேயே ஹேட்டியின் அப்பா ஓட்டிவந்த பழைய டிரக் இருமியது, தும்மியது. ஓர்லா டிரக் விற்கும் கடையின் வாசலுக்கு வந்ததும் பெருமூச்சு விட்டு நின்றேவிட்டது.

"நல்ல இடம் பார்த்துத்தான் செத்திருக்கு," என்றார் அப்பா.

பின்னால் டிரெய்லருக்குள்ளிருந்து பிஸ்கட் கனைத்தது. பிஸ்கட், ஹேட்டியின் குதிரை. மூன்று பீப்பாய்களைச் சுற்றி வளைந்து ஓடும் பந்தயத்துக்காக, பனிக்காலம் முழுவதும் இருவரும் பயிற்சி எடுத்திருந்தார்கள். மாவட்டத் திருவிழாவில் இன்றுதான் அவர்களுடைய முதல் ஓட்டம்.

ஓர்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள்.

"வாப்பா டோபின்! உன் தகரடப்பா கடைசியா கண்ணை மூடிடுச்சா?"

"கிண்டல் அப்புறம். இப்பவே ஒரு டிரக் வேணும் ஓர்லா. டிரெய்லரை இழுக்கணும்."

அதற்குள் அப்பாவின் கண் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது. வெயிலில் செர்ரிப் பழம்போல மின்னிய சிவப்பு டிரக். அதன் சக்கரங்களே ஹேட்டியின் நெஞ்சு உயரம் இருந்தன.

"முன்னாடி வெச்சிருந்த பையன் ஆசைப்பட்டு உயரம் ஏத்தினது. நல்ல பலம் உண்டு," என்றாள் ஓர்லா. "பக்கத்துல நிக்கிற பழுப்பு வண்டியும் பலமானதுதான்."

"அது டிரக்கா, உருளைக்கிழங்கா?" என்று சிரித்தார் அப்பா.

ஹேட்டி பிஸ்கட்டை இறக்கி வேலியோரம் கட்டினாள். ஓர்லா டிரெய்லரைச் சிவப்பு டிரக்கில் மாட்டினாள். அப்பா டிரக்கில் தொற்றி ஏறி உட்கார்ந்தார்.

"இங்கேர்ந்து பார்த்தா நம்ம வீட்டுக் கூரைகூடத் தெரியும்போல!"

ஆனால் பிஸ்கட் டிரெய்லரில் ஏறவில்லை. முன்னங்கால்களை உள்ளே வைத்தது. காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினால் மறுபடியும் இறங்கியது.

"அடம்!" என்றார் அப்பா. "ஏறலைன்னா இங்கேயே கட்டிப்போட்டுட்டு, மத்தவங்க ஓடுறதைப் பார்த்துட்டு வருவோம். வேற வழியில்ல ஹேட்டி."

ஹேட்டி பிஸ்கட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "காலைல தானா ஏறிச்சேப்பா. இதே டிரெய்லர்தானே?"

அப்பா ஓர்லாவிடம் விலை பேசப் போய்விட்டார்.

'உனக்கு என்னதான் பிடிக்கலை?' என்று பிஸ்கட்டின் மூக்கைத் தடவினாள் ஹேட்டி. பிறகு தானே டிரெய்லருக்குள் ஏறி, பிஸ்கட் நிற்கும் இடத்தில் நின்றாள். கண்களை மூடினாள். 'நான் ஒரு குதிரை. எனக்கு நீளமான முகம். பிடித்துக்கொள்ளக் கை கிடையாது.'

உடம்பு மெல்லப் பின்னால் சாய்ந்தது. மலைச்சரிவில் நிற்பதுபோலக் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்தன.

பையிலிருந்த ஆப்பிளை எடுத்துத் தரையில் வைத்தாள். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு குடுகுடுவென்று பின்பக்கமாக ஓடி வெளியே விழுந்தது. பிஸ்கட் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதைத் தின்றது.

ஹேட்டி நிமிர்ந்து பார்த்தாள். அப்பா ஓர்லாவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் கைகுலுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் யாரும் பேச்சை மாற்ற மாட்டார்கள்.

"அப்பா! கையைக் கொடுக்காதீங்க!"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"டிரக் ரொம்ப உயரம்ப்பா. டிரெய்லரோட மூக்கைத் தூக்கிடுது. உள்ளே தரை சரிவா இருக்கு. நீங்களே வந்து நில்லுங்க."

அப்பா ஏறி நின்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"சுவரை விடுங்க. கண்ணை மூடுங்க."

அப்பா கண்ணை மூடினார். ஓரடி பின்னால் தடுமாறினார். இன்னும் ஓரடி.

"ஓ!" என்றார்.

"அடுத்த அடி வெளியேதான் டோபின்," என்று ஓர்லா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டாள். "நானும் கவனிக்கலை பாரு. இந்த உயரத்துக்கு டிரெய்லர் மாட்டுற கொக்கியைத் தாழ்த்த, என்கிட்ட இருக்கிற நீளமான கம்பிகூடப் பத்தாது."

அப்பா சிவப்பு டிரக்கை ஏக்கத்தோடு பார்த்தார். பிஸ்கட்டைப் பார்த்தார். ஹேட்டியைப் பார்த்தார்.

"அந்த உருளைக்கிழங்கு இழுக்குமா?"

"குதிரை, டிரெய்லர், வைக்கோல், உன் தொப்பை எல்லாத்தையும் இழுக்கும். அதைவிட முக்கியம், பிரேக் போட்டா நிக்கும்."

பழுப்பு டிரக்கில் மாட்டியதும் டிரெய்லர் மேசைபோலச் சமமாக நின்றது. யாரும் கயிற்றை இழுக்கவில்லை. பிஸ்கட் தானாக ஏறி, வைக்கோலை மெல்லத் தொடங்கியது.

அப்பா கைகுலுக்கினார்.

திருவிழா மைதானம் தூரத்தில் தெரிந்தது. கொடிகள் பறந்தன. அப்பா பக்கக் கண்ணாடியை அடிக்கடி பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போகலாமாப்பா?"

"உஷ்!" என்றார் அப்பா. "பின்னாடி ஒருத்தர் தூங்குறார்."