மூடிக்கொண்ட கோடு

நேற்று மாலை தன் கையாலேயே அறுத்துவிட்ட கோடு, காலையில் கோப்பைத் திறந்தபோது மூடியிருந்தது.

மூத்தவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். செயற்கைக்கோள் அளந்து அனுப்பும் பூமியின் காந்தப்புலத்தை வரைபடமாக்கிக் கணினியில் சேமிப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. காந்தத்தின் அளவு ஒன்றாக இருக்கும் இடங்களைப் புள்ளி புள்ளியாகக் கோத்தால் ஒரு கோடு. கடலுக்கு மேல் வளையமாகக் கிடக்கும் இந்தக் கோடு, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து மூட வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் வரைந்தவரின் மானம் கப்பலேறிவிடும்.

ஏறட்டும் என்றுதான் அவள் ஒரு புள்ளியை அழித்தாள். கோப்பு இளையவளுடையது. அவள் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அலுவலகம். இவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவள். இப்போது பிரிவுத் தலைவி பதவிக்கு அவள் பெயர் அடிபடுகிறது. முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்த கதைதான். வீட்டிலும் மாமியாருக்கு அவள் போட்டால்தான் டீ டீயாக இருக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"நேத்து சாயங்காலத்துக்கப்புறம் உன் ஃபைலைத் திறந்தியா?"

"இல்லக்கா, உங்ககூடத்தானே வீட்டுக்கு வந்தேன். ஏன், ஏதாவது தப்பா?"

"சும்மா கேட்டேன்."

மறுபடி அறுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கோடு மூடியிருந்தது. ஆனால் பழைய புள்ளி வரவில்லை. கோடு முழங்கையை நீட்டுவதுபோலக் கரைப்பக்கம் நீண்டு, அங்கே புதிதாக ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது.

அந்த வாரம் முழுக்க அறுத்தாள். அறுக்க அறுக்க அது கரையேறி, ஆற்றைத் தாண்டி, நெடுஞ்சாலை வழியே இவர்கள் ஊருக்குள் வந்தது. கணினிகள் அடுக்கியிருந்த பக்கத்து அறையின் ரீங்காரம் சுவர் வழியாக அவள் மேசைக்கு ஏறியது. சூடான கம்பி வாசம் மூக்கை விட்டுப் போகவில்லை. இரும்பு அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் கைமயிர் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் மேலாளர் அறையிலிருந்து இளையவளின் சிரிப்புக் கேட்டது. இன்னொரு புள்ளியை அழித்தாள்.

கோடு இந்தக் கட்டடத்துக்குள் வந்துவிட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளின் கண்ணுக்கு ஊரே ஒரு பொட்டு. கட்டடம் எப்படித் தெரியும்?

மறுநாள் காலை எல்லார் முன்பும் படத்தைப் போட்டுக் காட்டும் கூட்டம். கடலில் கிடக்க வேண்டிய கோடு ஊருக்குள் கிடப்பதைக் காட்டி இளையவள் அவமானப்படுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று மேலாளருக்குப் பக்கத்து நாற்காலியில் மூத்தவள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். திரையில் கடல் வந்தது. கடலுக்கு மேல் கோடே இல்லை. அது எங்கே என்று தேடி இளையவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஊர். தெரு. கட்டடம். இந்த அறை.

ஒரு நாற்காலியைச் சுற்றி, சின்னதாக, ஒரு வளையம்.

ரீங்காரம் சட்டென்று நின்றது.

"உங்க அக்கா எங்கம்மா?" என்றார் மேலாளர். அவர் முழங்கை மூத்தவளின் முழங்கையை உரசிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் இங்க இருந்தாங்க சார்."

"சரி. தலைவி பதவி உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"எனக்கு வேண்டாம் சார். அக்காவுக்கே கொடுத்துடுங்க. இந்த வேலையெல்லாம் அவங்க சொல்லிக் கொடுத்ததுதானே."

மூத்தவளுக்கு நெஞ்சு வெடித்தது. "இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை. எழுந்தாள். எழவில்லை. கால் எங்கே? திரையில் வளையத்துக்குள் இன்னொரு வளையம். அதற்குள் இன்னொன்று. இறுகியது. விலா இறுகியது.

"அப்ப அவங்க வந்ததும் பேசிக்கலாம். நீங்க ஏன் நிக்கறீங்க? இந்த நாற்காலி காலிதானே, உக்காருங்க."

இளையவள் வந்தாள். உட்கார்ந்தாள். மடியில். மார்புக்குள்.

"அப்பா, என்ன சார் இது, இப்படிச் சில்லுனு இருக்கு!"

அவள் காதிலேயே வாயை வைத்து மூத்தவள் அலறினாள்.

இளையவள் காதோரம் அசைந்த முடியை ஒதுக்கிவிட்டு, அடுத்த படத்தைத் திறந்தாள்.