பூஜை அலமாரி ஃபிளாப்பி

"அண்ணாச்சி, நாளைக்குக் காலையில போலீசுக்குப் போறேன்னு முதலாளி அக்கா சொல்லிட்டாங்க. ஊருல எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உசுரையே விட்டுரும்" என்றாள் பாண்டியம்மாள்.

நாச்சிமுத்து பிரித்து வைத்திருந்த டெலிபோனை ஓரமாகத் தள்ளினார். எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். அதனால் திருப்பூரில் சிலர் மனிதர்களுடைய சிக்கலையும் அவரிடம் கொண்டுவந்தார்கள். பக்கத்து நூல்கடைக் காசிமாயன், அழுகுரல் கேட்டதுமே கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

கோவில்பட்டியிலிருந்து வந்த பாண்டியம்மாள், நெருப்பெரிச்சல் பகுதியில் மாரக்காளின் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மாரக்காள் தன்னுடைய சீட்டு, தபால் சேமிப்பு, நகை எல்லாவற்றையும் ஒரு புரோகிராமில் ஏற்றி வைத்திருந்தார். ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் பாஸ்வேர்டை மாற்றி, பாண்டியம்மாளிடம் மட்டும் சொன்னார். போன புதன்கிழமை, மூடிப்போன மில் ஒன்றின் இரண்டு நிட்டிங் மெஷின்களுக்குத் தன்னால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று அதில் கணக்குப் பார்த்தார். மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு. மூடிய உறையில் விலை கேட்டிருந்தார்கள்; தன் கையாலேயே எழுதி உறையை ஒட்டினார். சனிக்கிழமை உறைகளைப் பிரித்தால், வேறொருவர் அதைவிடச் சரியாக ஐந்நூறு ரூபாய் கூடுதலாக எழுதி மெஷின்களை எடுத்துவிட்டார்.

"நான் வாயே தொறக்கல அண்ணாச்சி. இந்தப் பாஸ்வேர்டு பூட்டைப் பிரம்மாவாலயும் திறக்க முடியாதுன்னு சொல்லித்தான் கம்ப்யூட்டர் கடைக்காரர் அந்தப் புரோகிராமை வித்தாரு. அப்ப நான்தானே திருடி?"

"அந்தக் கடைக்காரனே திறந்திருப்பான்!" என்றார் காசிமாயன்.

"பொறுங்க" என்ற நாச்சிமுத்து அவளிடம் திரும்பினார். "அந்த மெஷின்ல புதுசா ஏதாச்சும் கோளாறு உண்டா கண்ணு?"

"வியாழக்கிழமையிலருந்து ஃபிளாப்பி டிரைவ் சரியாப் படிக்க மாட்டேங்குது. உள்ள போட்டு எடுத்தா செவப்பாத் தூசி ஒட்டுது. உன் நெத்திக் குங்குமந்தான் கொட்டுதுன்னு அக்கா ஏசுனாங்க. நான் வைக்கிறது ஸ்டிக்கர் பொட்டு அண்ணாச்சி!"

நாச்சிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டார். காசிமாயனும் அவர்களோடு கிளம்பினார்.

மாரக்காளின் ஆபீஸ், அவர் வீட்டின் முன்னறைதான். அவருடைய தம்பி கன்னையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். நாச்சிமுத்து கம்ப்யூட்டரைத் திறந்து, டிரைவுக்குள் பஞ்சை விட்டுத் துடைத்து எடுத்தார். பஞ்சில் குங்குமத்தோடு மஞ்சளாகச் சந்தனப் பொடியும் இருந்தது.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சமுங்க. அது உதிர்ந்திருக்கும்" என்றார் மாரக்காள்.

"பூஜை முடிஞ்சு மூணு வாரம் நல்லா ஓடியிருக்குதுங்க. வியாழக்கிழமைதான் கெட்டிருக்குது. வேற எதுக்குப் பொட்டு வெச்சீங்க?"

"அன்னைக்கு இந்தப் புள்ள பத்திரமா வெக்கச் சொல்லி ஒரு ஃபிளாப்பி குடுத்துதுங்க. பொட்டு வெச்சு சாமி அலமாரியில வெச்சேன். அதை ஆரும் தொடலீங்க. வெறும் ஃபிளாப்பிதானுங்களே."

"பழைய பாஸ்வேர்டு போட்டதுங்க அது" என்றான் கன்னையன். "அதை வெச்சு என்ன பண்ண முடியும்?"

நாச்சிமுத்து அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த ஃபிளாப்பியைக் கொண்டுவரச் சொன்னார். அதன் மேல் ஓர் எழுத்துக்கூட இல்லை. சந்தனப் பொட்டு பாதி பிளாஸ்டிக்கிலும் பாதி அதன் நகரும் உலோகத் தகட்டிலுமாக வைக்கப்பட்டிருந்தது.

"டிரைவுக்குள்ள போனா இந்தத் தகடு நகரும்" என்று விரலால் நகர்த்திக் காட்டினார். "யாரும் தொடாம இருந்தா, காஞ்ச சந்தனம் அரக்கு முத்திரை மாதிரி அப்படியே நிக்கோணும். பாருங்க, தகட்டு ஓரத்தோட விண்டு கிடக்குது."

ஃபிளாப்பியை உள்ளே போட்டு, அதிலிருந்தே புரோகிராமை ஓட்டினார். பாஸ்வேர்டு கேட்டது. பாண்டியம்மாள் பழையதைச் சொன்னாள். திரையில் மாரக்காளின் சொத்து முழுவதும் வரிசையாக வந்து நின்றது. புதன்கிழமைக் கணக்கும் இருந்தது.

"ஐயோ" என்றார் மாரக்காள்.

"பாஸ்வேர்டு உங்க கணக்குக்குப் போட்ட பூட்டு இல்லீங்க, புரோகிராமுக்குப் போட்டது. நீங்க மாத்துனது கம்ப்யூட்டர்ல இருக்கற புரோகிராமுக்கு மட்டும். இந்த ஃபிளாப்பியில அதே புரோகிராமுக்கு ஒரு நகல் இருக்குது, பழைய பூட்டோட. ஒரே அறைக்கு ரெண்டு கதவு. ஒண்ணுக்குத்தான் பூட்டு மாத்தியிருக்கீங்க. கணக்கு நடு அறையில சும்மாதான் கிடக்குது."

காசிமாயன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப யாருண்ணே?"

"இதை வெறும் ஃபிளாப்பின்னுதான் ஊட்டுக்காரம்மாவே நினைச்சிருந்தாங்க. பழைய பாஸ்வேர்டு போட்டதுன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க கன்னையன்? பாண்டியம்மா, நீ சொன்னயா?"

"இல்ல அண்ணாச்சி. அவுககிட்ட நான் பேசுனதே கிடையாது."

மாரக்காள் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"பூஜை அறைக்குள்ள நானும் இவனுந்தானுங்க போவோம்" என்று மாரக்காள் மெதுவாகச் சொன்னார். "தெனமும் சாயங்காலம் வெளக்குப் பத்த வெக்கறது இவன்தான்."

கன்னையன் தலை நிமிரவில்லை. "புதன்கெழம வெளக்கு வெக்கறப்பத்தான் எடுத்தேன். பழைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்; தொகையைப் பார்த்து அந்த ஆளுகிட்டச் சொன்னேன். புது பாஸ்வேர்டை நேத்து வந்த ஆபரேட்டர் புள்ளைக்குச் சொன்னியேக்கா. கூடப் பொறந்தவனுக்குச் சொல்லலை."

"கேட்டிருந்தா..."

"கேட்டனேக்கா. உனக்கு எதுக்குடான்னே."

கன்னையன் பூஜை அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மாரக்காள் பாண்டியம்மாளிடம் திரும்பினார். "நாளைக்கு எங்கயும் போகலை கண்ணு. என்னைத் தப்பா நெனைக்காத. வா, புதுசா ஒரு பாஸ்வேர்டு போடோணும்."

"நீங்களே போடுங்கக்கா. எனக்குத் தெரிய வேண்டாம். நான் வெளியில நிக்கேன்."

அவள் படியிறங்கியதும், மாரக்காள் நாச்சிமுத்துவிடம் கேட்டார். "இனி ஆராலயும் தொறக்க முடியாதில்லீங்க?"

"முடியுமுங்க" என்றார் நாச்சிமுத்து. "இந்த ஃபிளாப்பியை உடைச்சுப் போட்டாலும், நாளைக்கு வேற ஒரு நகல் கிடைக்காமயா போகும்? அந்தப் புரோகிராமை எழுதுனவங்கதான் சரி பண்ணோணும். அதுவரைக்கும் முக்கியமானதை அதுல வெக்காதீங்க."

ஆனாலும் மாரக்காள் விசைப்பலகையின் முன் உட்கார்ந்தார். யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை வெகுநேரம் தேடினார். மனதில் வந்ததெல்லாம் தம்பிக்குத் தெரிந்த சொற்களாகவே இருந்தன.