முன்வரிசைத் தாளம்

உலகில் சங்கீதம் அழியாமல் இருப்பது பாடுகிறவர்களால் அல்ல, தாளம் போடுகிறவர்களால்தான் என்பது ரத்தினவேலின் உறுதியான கொள்கை. அவருக்குத் தாளம் போடத் தெரியாது. முன்னால் இருப்பவர் கையைப் பார்த்துப் போடுவார்.

ஓசூரில் ஒரு கம்பெனிக்கு அவர் பர்சனெல் மானேஜர். அந்த ஞாயிறு சாயங்காலம் மெஷின்களை நிறுத்தி, தகடு அமுக்கும் பிரஸ் ஷாப்பையே கச்சேரி சபாவாக்கியிருந்தார்கள். "பெங்களூர்க்காரன்கூட இப்படியொரு ஹால் பார்த்திருக்க மாட்டான்" என்று எம்.டி. பூரித்தார். தகரக் கூரைக்கடியில், மெஷின் ஆயில் நாற்றத்தில், மல்லிகைச் சரங்கள் மூச்சுத் திணறின. எம்.டி. சங்கீதப் பைத்தியம். இன்று அவரிடம் ரசிகர் என்று பெயர் வாங்கினால் ஜெனரல் மானேஜர் பதவி ரத்தினவேலுக்குத்தான்.

முதல் வரிசை கலெக்டர் குடும்பத்துக்கு; எம்.டி.யும் ரத்தினவேலும் இரண்டாவதில். அதன் ஓரத்தில், தூண் நிழலில், நாற்காலிக் கைப்பிடிமேல் ஒரு கை மட்டும் தெரிந்தது. வைத்தது. எடுத்தது. ஒரு கணம் நின்று, மறுபடி வைத்தது. ரத்தினவேலும் தொடையில் அப்படியே போட்டார்.

"என்னய்யா, ஆலாபனைக்கே தாளமா?" என்றார் எம்.டி.

"உள்தாளம் சார். அபூர்வம்."

"பேஷ்!" எம்.டி.யும் போட ஆரம்பித்தார்.

வித்வான் ஸ்வரத்தை இழுக்க இழுக்க, கூரைத் தகரம் எங்கோ முறுக்கிக்கொண்டது. ஆயில் நாற்றத்துக்குள் துருப்பிடித்த இரும்பைப்போல இன்னொரு நாற்றம், மெல்ல, நாக்கடியில் வந்து உட்கார்ந்தது. வித்வான் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். முன்னாலிருந்த கை நிறுத்தவில்லை. எம்.டி. நிறுத்திவிட்டார். ரத்தினவேலால் முடியவில்லை.

காபி கொண்டுவந்த வெங்கடசாமி, பழைய பிரஸ் ஆப்பரேட்டர், அவர் தொடையையே பார்த்தான்.

"சார், இது எங்க பிரஸ் கணக்கு ஆச்சே? தகடு வை, கை எடு, பெடல் மிதி. யாரு சொல்லிக் குடுத்தா?"

"முன்னாடி... அவர்..."

"அந்த ஓரத்து நாற்காலில யாரும் குந்தலையே சார்."

எட்டிப் பார்த்தார். நாற்காலி காலி. கைப்பிடிமேல் கை. மணிக்கட்டோடு முடிந்த கை. புறங்கையில் பச்சை குத்திய பெயர்: திம்மராயன்.

போன ஆவணியில் இதே பிரஸ்ஸில் கை போய், சீழ் வைத்துச் செத்தவன். 'வேலையாளின் அஜாக்கிரதை' என்று ரிப்போர்ட் எழுதியவர் ரத்தினவேல்.

வை. எடு.

வை. எடு.

வை.

கை எடுக்கவில்லை. அவருடையதும். தொடையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால், கரண்ட் இல்லாத பிரஸ்ஸின் பெடல் மெல்ல இறங்கியது.

"ரத்தினவேல், இந்தத் தாளத்துக்குச் சமம் எங்கே வருது?" என்றார் எம்.டி., ஆவலாக.

ரத்தினவேலின் நாற்காலிக்கடியில் மூத்திரம் தேங்கியிருந்தது.