விழ இடமில்லாத முதலாளி

பகல் பதினொன்றே கால் மணிக்கு முதலாளி செத்துப்போனார். அதற்குப் பிறகும் இரண்டு படங்களுக்கு நின்று கொடுத்தார்.

போட்டோக்காரரின் மேல் தப்புச் சொல்ல முடியாது. மூன்றாவது படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை" என்றார். நான்காவதிலும் மூடியிருந்தார். "பரவாயில்ல, கம்ப்யூட்டர்ல திறந்து விட்டுக்கலாம்" என்று கேமராவை இறக்கினார். புளிமூட்டை போல நெருக்கி நின்ற மற்ற எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டுக் கலைந்தார்கள். முதலாளிக்கு அப்போதுதான் விழ இடம் கிடைத்தது.

முகங்குப்புற விழுந்தார். மூக்கு தரையில் உடைந்த சத்தம் கீழே பட்டறை வரை கேட்டது. வெள்ளைச் சட்டையின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டின் நடுவில் ஊசியின் காது மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு சாண் நீளமுள்ள மெத்தை ஊசி, மிச்சமெல்லாம் உள்ளே. காதிலிருந்து சிவப்பு நூல் ஒன்று தொங்கியது.

சோபா பட்டறையில் சிவப்பு நூல் யாருடையது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். பஞ்சுக்குள் ஊசி தொலைந்தால் தேடுவதற்காக மெத்தைக்காரர் கட்டி வைக்கும் அடையாளம் அது. முதலாளிக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரில் அவர் ஒருவர். தவிர, அன்று காலையில்தான் முதலாளியிடம் அறை வாங்கியிருந்தார்.

முதலாளியின் தம்பி ஆணி அடிக்கும் சுத்தியலை எடுத்தார்.

"எந்தக் கைடா குத்துச்சு?"

"ஐயோ, நான் இல்லீங்க. காலையிலேர்ந்தே ஊசியக் காணோமுங்க."

இரண்டு பேர் மெத்தைக்காரரின் வலது கையை மேசைமேல் விரித்துப் பிடித்தார்கள். சுத்தியல் இறங்கியது. ஆள்காட்டி விரல் முதலில், நடுவிரல் அடுத்து. முதலாளியின் அக்காவுக்கு வயது எழுபது. அவரும் தன் பங்குக்குச் செருப்பைக் கழற்றி மெத்தைக்காரரின் வாயில் நான்கு போடு போட்டார். ஒரு பல் மேசையில் உருண்டது. யார் சேர்த்தார்கள் என்று தெரியாமல் கீழே வாசலில் கூட்டமும் சேர்ந்துவிட்டது.

பதினொன்று நாற்பதுக்கு ஆய்வாளர் வந்தார். கூடவே ஓர் ஒல்லிக் கான்ஸ்டபிள். காவல்துறையில் அன்று கையிருப்பு அவ்வளவுதான்.

ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண். உயரம், நல்ல ஒல்லி, குரல் மட்டும் கனம். சுத்தியலைத் தம்பியின் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். மெத்தைக்காரரைப் பிடித்திருந்தவர்களை விலக்கினார். விரல்கள் தக்காளி போல வீங்கியிருந்தன.

"இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"முடியாது மேடம்." கான்ஸ்டபிள் ஜன்னலைக் காட்டினார். கீழே வாசலில் பட்டறை ஆட்கள் முப்பது பேர் நின்றார்கள். கையில் இரும்புக் குழாய், சோபாக் கால், கிடைத்தது எல்லாம். ஜன்னலிலிருந்து போன சுத்தியலும் இப்போது அவர்களிடம் இருந்தது.

"கூடுதல் ஆளுங்க?"

"ஒரு மணி நேரம் ஆகுமாம் மேடம்."

தம்பி சிரித்தார். "அவன் வெளிய வந்தா வண்டி வரைக்கும் போக மாட்டான். அந்த இன்னொரு கையும் பாக்கி இருக்கு."

மெத்தைக்காரர் இடது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். மெத்தைக்காரனுக்குக் கை போனால் அப்புறம் வாய்தான் மிச்சம். அதிலும் பல் போயாகிவிட்டது.

ஆய்வாளர் கதவைச் சாத்தினார். "சரி. இங்கயே முடிச்சிருவோம். யாரும் நகரக் கூடாது."

நகர்வதற்கு இடம் எங்கே இருக்கிறது? அது மாடியில் ஒரு சின்ன அறை. நாலு பேர் ஒரே நேரத்தில் தும்மினால் சுவர் விரிசல் விடும். முதலாளி முதல் மெத்தையைத் தைத்தது அங்கேதான். அதனால் பட்டறையின் இருபத்தைந்தாம் ஆண்டுப் படத்தை அங்கேதான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம். அவர் பிடிவாதம் பிடித்தால் யாரும் பேச மாட்டார்கள். பேசினால் அறைவார். கொஞ்சம் கை நீட்டும் பழக்கம் அவருக்கு. அந்த அறையில் அவரிடம் அறை வாங்காதவர் அவருடைய அக்கா மட்டும்தான். அதுவும் சின்ன வயதில் அக்கா முந்திக்கொண்டதால்.

"படத்தக் காட்டுங்க" என்றார் ஆய்வாளர்.

போட்டோக்காரர் கேமராவை நீட்டினார். முன்வரிசையில் இடது ஓரம் அக்கா, நடுவில் முதலாளி, பக்கத்தில் அவருடைய மகள். பின்வரிசையில் தம்பி, முதலாளிக்கு நேர் பின்னால் மருமகன், அவரை ஒட்டி மெத்தைக்காரர். இரண்டு பக்கமும் வேலையாட்கள். முதல் படத்தில் முதலாளி முறைத்தார். இரண்டாவதிலும் முறைத்தார். மூன்றாவதில் சாந்தமாக இருந்தார். வீட்டாருக்கே அந்த முகம் புதிது.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?"

"ஓரத்துல ஆளு வெட்டுப்பட்டுச்சு மேடம். இன்னும் நெருங்குங்க, நெருங்குங்கன்னேன். எல்லாரும் மூச்ச இழுத்துப் பிடிங்கன்னேன்."

"அவரும் பிடிச்சிட்டார்" என்றார் கான்ஸ்டபிள். ஆய்வாளர் பார்த்த பார்வையில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் சத்தம் கேக்கலியா?"

மகள் அழுதுகொண்டே சொன்னாள். "அப்பா முனகினாரு. எல்லாருந்தான் முனகினோம். நாந்தான், கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பான்னேன்."

மருமகன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆய்வாளர் வந்ததிலிருந்து துடைத்துக்கொண்டுதான் இருந்தார். அறைந்தே வளர்த்த மாமனாருக்காக இவ்வளவு கண்ணீர் விடும் மருமகனைப் பார்த்து அக்காவுக்கே பெருமையாக இருந்தது.

"மாமா எனக்கு அப்பா மாதிரி" என்றார் மருமகன்.

ஆய்வாளர் போட்டோக்காரரின் பையைத் திறந்தார். உள்ளே இன்னொரு லென்ஸ். குட்டையாக, முன்பக்கம் தவளைக் கண் போலப் புடைத்துக்கொண்டு இருந்தது.

"இது என்ன?"

"வைடு லென்ஸ் மேடம். சின்ன ரூம்ல நிறைய பேர எடுக்கணும்னா இதுதான். கிட்ட நின்னே சுவத்துக்குச் சுவர் அடக்கிடும். போன வாரம் ரூமப் பாத்துட்டு இதுக்குன்னே வாடகைக்கு எடுத்தேன்."

"எடுத்துட்டு ஏன் மாட்டல?"

"மாட்டித்தான் வந்தேன். மாப்பிள்ளை சார் மாடிப்படியில நிறுத்தி, அது வேணாம், சாதா லென்ஸையே போடுன்னாரு. சாதாவுல எடுத்தா ஒட்டி நிக்கணும் சார், போன வாரமே சொன்னேனேன்னேன். நிக்கறோம்னுட்டாரு."

எல்லோரும் மருமகனைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அது ஒண்ணுமில்லீங்க. அந்த லென்ஸ் ஆளக் குண்டாக் காட்டும். போன வருஷக் குடும்பப் படத்துல நான் பூசணிக்கா மாதிரி இருந்தேன். ஒரு ஆசைதான்."

"உண்மைதாம்மா" என்று அக்கா முன்னால் வந்தார். "அந்த லென்ஸ் நாசமாப் போக. சுவத்துல பாரு, என்னை என்ன பண்ணி வெச்சிருக்குன்னு. சொந்தக்காரங்க பாத்துட்டு மாசமா இருக்கியான்னு கேக்கறாங்க. இந்த வயசுல."

சுவரில் போன வருஷப் படம் மாட்டியிருந்தது. அதே அறை, அதே குடும்பம். இடது ஓரத்தில் அக்கா இரண்டு பேர் உட்காரும் சோபா அகலத்துக்குப் பரவியிருந்தார். நடுவில் முதலாளி. அவர் தோளுக்குப் பின்னால் மருமகன்.

ஆய்வாளர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். அதற்குக் காரணம் வேறு. பயிற்சி முடித்த நாளில் ஒரு குறுகலான வகுப்பறையில் எடுத்த படத்தில் அவரும் ஓரத்தில்தான் நின்றார். தண்ணீர்த் தொட்டிக்குத் தொப்பி வைத்தது போல விழுந்திருந்தார். கூடப் பயின்றவர்கள் இன்றும் அவரைத் தொட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிஜமாகவே தொட்டி போல இருந்த இன்னொருத்தி நடுவில் நின்றாள். அவள் படத்தில் உள்ளது உள்ளபடி இருந்தாள். பதினெட்டு வருஷமாக இந்த அநியாயத்தை ஆய்வாளர் யோசித்து வந்திருக்கிறார். கொலைகளைப் பற்றிக்கூட அவ்வளவு யோசித்ததில்லை.

"எல்லாரும் படத்துல நின்ன மாதிரியே நில்லுங்க" என்றார். "போட்டோக்காரரே, வைடு லென்ஸ மாட்டுங்க. கான்ஸ்டபிள், நீதான் முதலாளி."

கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கிப் பிணத்தைத் தாண்டிப் போய் நின்றார்.

"இந்த லென்ஸுக்கு எவ்வளவு நெருங்கணும்?"

"வேணாம் மேடம், தாராளமா நிக்கலாம். எல்லாரும் படத்துல விழறாங்க."

"கான்ஸ்டபிள், செத்துப் போ."

கான்ஸ்டபிள் கண்ணை மூடிச் சரிந்தார். பொத்தென்று தரையில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"எழுந்திரு. இப்ப சாதா லென்ஸ்."

போட்டோக்காரர் சுவரோடு சுவராக ஒட்டினார். "நெருங்குங்க. இன்னும். இன்னும்." மூச்சு முட்டியது. யார் கை எங்கே இருக்கிறது என்று கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியவில்லை.

"சாவு."

"செத்துட்டேன் மேடம். விழத்தான் முடியல. யாரோ காலை மிதிச்சிட்டிருக்காங்க."

"பாத்தீங்களா?" என்றார் ஆய்வாளர். "தாராளமா நின்னிருந்தா, குத்தின கை தெரிஞ்சிருக்கும். குத்தின உடனே ஆளும் விழுந்திருப்பார். இந்த நெரிசல் தற்செயலா வரல. வாடகை லென்ஸக் கழட்டி வெச்சு வரவழைச்சது. நீங்க எல்லாரும் நூலப் பாத்தீங்க. யாரும் லென்ஸப் பாக்கல."

மருமகன் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்தார். "குண்டாத் தெரியறேன்னு சொன்னது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல. பொய். வைடு லென்ஸ் ஓரத்துல நிக்கறவங்களத்தான் இழுத்துக் குண்டாக்கும். நடுவுல நிக்கறவங்கள ஒண்ணும் பண்ணாது. சுவத்துல பாருங்க. பெரியம்மா ஓரம், சோபா. நீங்க நடுவுல, விளக்குமாறு. இன்னிக்கும் மாமனாருக்கு நேர் பின்னாடி, நடு இடத்தையே பிடிச்சீங்க. உங்கள எந்த லென்ஸ் பூசணிக்கா ஆக்குச்சு?"

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவர்ப் படத்தைப் பார்த்தார். "ஆமா," என்றார், "இவன் ஒல்லியாத்தான் இருக்கான்." ஒரு வருஷமாகத் தன் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றவர்களை அவர் கவனிக்கவில்லை.

"இன்னொண்ணு. மெத்தைக்காரரே, ஊசிய எப்படித் தள்ளுவீங்க?"

மெத்தைக்காரர் உடைந்த வாயால் சொன்னார். "உள்ளங்கையில தோல் பட்டை கட்டிப்பேங்க. இல்லாட்டி ஊசிக் காது கையத் துளைச்சிரும்." பட்டை அவர் இடுப்பில் தொங்கியது. நெரிசலில் சிக்கி நின்றவர் அதை யாருக்கும் தெரியாமல் அவிழ்த்துக் கையில் கட்டித் திரும்ப மாட்டியிருக்க முடியாது. அவர் உள்ளங்கைகளை ஆய்வாளர் திருப்பிப் பார்த்தார். உடைந்த கையிலும் சரி, உடையாத கையிலும் சரி, ஊசித் துளை இல்லை.

"மாப்பிள்ளை, கைக்குட்டைய விடுங்க."

மருமகன் விட்டார். வலது உள்ளங்கையின் நடுவில் ஒரு துளை, ஓரம் கருத்துப்போய். கைக்குட்டை நனைந்திருந்தது, கண்ணீரால் அல்ல.

அடுத்த நொடியில் மேசைமேல் இருந்த பெரிய துணிக் கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது. குறுக்கே வந்த கான்ஸ்டபிளின் தோளைக் கிழித்துக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தார். ரத்தம் சுவர்ப் படத்தில் தெறித்தது. போட்டோக்காரர் கேமராவிலிருந்து கழற்றி வைத்திருந்த லென்ஸை எறிந்தார். அது மருமகனின் நெற்றிப் பொட்டில் மோதித் தூளானது; அவர் மாமனாரின் பக்கத்திலேயே விழுந்தார். எறிந்தது சொந்த லென்ஸ். வாடகைப் பொருளில் போட்டோக்காரர் எப்போதும் ஜாக்கிரதை.

விலங்கு மாட்டும்போது மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏழு வருஷமா அறைஞ்சார். பொறுத்துக்கிட்டேன். போன மாசம் என் பையன் முன்னாடி அறைஞ்சார். பையன் கை தட்டிச் சிரிச்சான். தாத்தா, இன்னொண்ணுன்னு சொன்னான். இன்னொண்ணும் கொடுத்தார்."

மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் கைகளைப் பார்த்தாள்.

தம்பி ஜன்னலுக்குப் போய்க் கீழே நின்ற கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முப்பது பேரும் ஆசையாகக் காத்திருந்தார்கள். பிறகு மெத்தைக்காரரிடம் வந்து நின்றார். "தப்பா நினைச்சிக்காத. அண்ணன் போன துக்கம். வா, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மெத்தைக்காரர் அவரைப் பார்க்கவில்லை. ஆய்வாளரைப் பார்த்தார்.

"மேடம், எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும்."

"என்ன போட்டோ?"

"என்னைப் பிடிச்சவங்க, அடிச்சவங்க, செருப்பால போட்டவங்க. எல்லாரும் ஒண்ணா. நாளைக்குக் கேட்டா நான் அங்க இல்லவே இல்லம்பாங்க."

ஆய்வாளர் கதவில் சாய்ந்துகொண்டு, "எல்லாரும் திரும்ப நில்லுங்க" என்றார். "போட்டோக்காரரே, வைடு லென்ஸ்."

அன்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று அடக்கம் வந்துவிட்டது. தம்பி அலமாரிக்குப் பக்கமாக ஒதுங்கினார். கையைப் பிடித்த இரண்டு வேலையாட்களும் சுவரோடு சுவராகத் தேய்ந்தார்கள். போட்டோக்காரர் பார்வைத் துளையில் கண்ணை வைத்தார்.

"சும்மா நில்லுங்க சார். எங்க போனாலும் விழுவீங்க. சுவத்துக்குச் சுவர் அடக்கிடும்னு அப்பவே சொன்னேன்."

அக்கா மட்டும் மெதுவாக, யாரும் பார்க்காதது போல, நடுவை நோக்கி நகர்ந்தார்.

"பெரியம்மா," என்றார் ஆய்வாளர், "நீங்க ஓரம்."